ஆராய்ச்சியைப் பரிமாறிய நாள்

முதலாண்டு மாணவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கும்போது, தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை கொடுத்துவிடுவேன். அட்டவணையில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தாதே. அந்தப் பத்தி மட்டும் நகரும், பக்கத்தில் இருப்பதெல்லாம் அப்படியே நிற்கும், ராமுவின் மதிப்பெண் சோமுவுக்குப் போய்விடும். கணினியே பாவம் பார்த்து, "பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளவா, இது மட்டும் போதுமா?" என்று ஒரு முறை கேட்கும். அந்த இடத்தில் "இது மட்டும் போதும்" என்று சொல்கிறவரைக் கணினி பக்கமே விடக் கூடாது.

அப்படிச் சொன்ன ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கணினி அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் கல்லூரி சின்னது. பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, அது நிறையும்வரை காத்திருந்து (நிறையும், டிரைவர் பாதி சீட்டுக்கு வெளியே தொங்கத் தொடங்கிய பிறகு நிறையும்), இருபது நிமிடம் போனால் வந்துவிடும். முன்னால் மாந்தோப்பு, பின்னால் மாந்தோப்பு, நடுவில் பதினொரு துறைகள்.

ஆராய்ச்சி என்றால் ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக்குள் மினுக்கும் விளக்கு என்று நினைத்துக்கொண்டு நான் அங்கே போனேன். போன முதல் வாரத்தில் தெரிந்துகொண்டவை இவை. ஆங்கிலத் துறை சார் பத்து வருடமாகத் தொப்பூர் கணவாயில் நின்று லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைப் படம் எடுக்கிறார். (ஏற்றத்தில் லாரி மெதுவாகப் போகும், படம் தெளிவாக விழும். அதுதான் அந்த இடத்தின் சிறப்பு.) கணக்கு சார், ஷேர் ஆட்டோ எப்போது கிளம்பும் என்பதற்குச் சமன்பாடு கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்காகவே தினமும் ஆட்டோவில் வருகிறார், தினமும் தாமதமாக வருகிறார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். தமிழ்த் துறை மேடம், எல்லையோரத்தில் கன்னடமும் தமிழும் பேசும் வீடுகளில் சண்டை எந்த மொழியில் நடக்கிறது, சமாதானம் எந்த மொழியில் நடக்கிறது என்று குறிப்பெடுக்கிறார். வேதியியல் சார் நாற்பது கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறார், அதை வேறு யாரும் தொடக் கூடாது. விலங்கியல் குமரேசன் சார் மாட்டு உண்ணியை ஆராய்கிறார். சந்தையில் மாட்டைப் பார்த்தால் எல்லோரும் பல்லைப் பார்ப்பார்கள், அவர் காதைப் புரட்டுவார். வரலாற்றுத் துறை கோவிந்தன் சார், ஊர் ஊராகப் போய் நடுகல்லின் மேல் காகிதம் ஒற்றி, மை தடவிப் படி எடுக்கிறார்.

என்னுடைய ஆராய்ச்சி என்ன என்று கேட்கிறீர்களா? அப்போதைக்கு, மற்றவர்களின் ஆராய்ச்சியைப் பட்டியல் போடுவது.

நூர்ஜகான் அக்காவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உணவு அறிவியல் துறை. தர்மபுரி டவுனில் வெல்ல மண்டி வைத்திருக்கும் குடும்பம். வேலையில் சேர்ந்த அன்று எனக்குத் தன் டிபன் பாக்ஸில் பாதியைக் கொடுத்தவர். அவருடைய ஆராய்ச்சி மொச்சை. மொச்சையை எதில் கலந்து வைத்தால் வண்டு விழாது என்பதுதான் கேள்வி. ஐந்து கண்ணாடி பாட்டில், ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ மொச்சை. ஒன்றில் வேப்பிலைத் தூள், ஒன்றில் நொச்சி, ஒன்றில் வசம்பு, ஒன்றில் செம்மண், ஒன்றில் எதுவுமே இல்லை. மூடிகள் மட்டும் வெவ்வேறு நிறம். எந்த மூடிக்குள் எது என்பது அக்காவின் நோட்டில் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அரக்கு வைத்து மூடியவர், அதன் பிறகு திறக்கவே இல்லை.

ஆனால் இதெல்லாம் அவர் சொந்த ஆசைக்குச் செய்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிய வேண்டுமென்றால் ஆய்வு மையம் வேண்டும், எங்களுக்கு மையம் கிடையாது, வாராவாரம் சேலம் போக வேண்டும். இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் நின்றுவிட்டார். முதல் முறை மகள் பிறந்தாள், அடுத்த முறை மாமனார் படுத்துவிட்டார். அந்த வருடம்தான் பல்கலைக்கழகக் குழு ஒன்று எங்கள் கல்லூரியை ஆய்வு மையமாக அங்கீகரிக்கலாமா என்று பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

"இந்தத் தடவையும் இல்லன்னா விட்டுடுவேன் சங்கீ" என்றார் அக்கா. "எனக்கு முப்பத்தெட்டு ஆவுது. மொச்சை தாக்குப்பிடிக்குது, நான் தாக்குப்பிடிக்க மாட்டேன் போல இருக்குது."

குழுவின் முன்னால் அரக்கை உடைத்து, பாட்டில்களைத் திறந்து, வண்டு விழாததை எண்ணிக் காட்டுவதுதான் அவருடைய திட்டம். அந்தத் திட்டத்தைப் பத்திரமாக என் கையில் ஒப்படைத்தார்.

ஏனென்றால் முதல்வர் மொத்த ஏற்பாட்டையும் என்னிடம் கொடுத்திருந்தார். தேர்வுக் கால அட்டவணையை ஒரு முறை மோதல் இல்லாமல் போட்டுவிட்டேன் என்ற ஒரே தகுதிக்காக. நான் உடனே ஒரே அளவில் இருபத்து நான்கு அட்டைப்பெட்டி வாங்கினேன். துறைப் பொருளாக இருந்தாலும், சமையல் சாமானாக இருந்தாலும், குழுவுக்கான சோப்பு துண்டாக இருந்தாலும், பொன்னாடையாக இருந்தாலும் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டியை டேப் ஒட்டி மூட வேண்டும். பெட்டியின் மேல் எண்ணும் போக வேண்டிய இடமும் மட்டும் இருக்க வேண்டும். கூடத்தில் துறைக்கொரு மேசை, அந்த மேசைக்குப் போன பெட்டியைக் குழு வரும்வரை யாரும் திறக்கக் கூடாது. (தூசி படுமாம். மாந்தோப்புக்கு நடுவில் தூசிக்குப் பயந்த ஒரே ஜீவன் நான்தான்.)

இன்னொரு விதியும் போட்டேன். அது பெருமாள் அண்ணனுக்கு. அலுவலக உதவியாளராக இருபது வருடம். எதையும் நான்கு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். நாற்காலியை நகர்த்துவதென்றாலும் கேட்பார். எனக்கு அது நேர விரயமாகத் தெரிந்தது. "அண்ணா, ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கோ அந்த இடத்துக்குப் போகணும். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கல்லூரியை இருபது வருடம் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெட்டிகள் வந்த வரிசையில் எண் கொடுத்தேன். நூர்ஜகான் அக்கா எதிலும் முதல் ஆள், இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார், ஒன்றாம் எண். ஆங்கில சாரின் லாரிப் படங்கள் இரண்டும் மூன்றும். குமரேசன் சாரின் உண்ணிகள் நான்கு. அடுத்து அலுவலகத்திலிருந்து வந்த சமையல் சாமான், சோப்பு, பொன்னாடை. பிறகு மற்றத் துறைகள். கோவிந்தன் சார் எதிலும் கடைசி, இருபத்து நான்கு. வேதியியல் சார் மட்டும், "என் தண்ணிய நானே தூக்கிட்டு வர்றேன்" என்று பெட்டியே வாங்கவில்லை. அன்று கல்லூரியில் இருந்த ஒரே அறிவாளி அவர்தான் என்று பிறகு ஒப்புக்கொண்டோம்.

முந்தைய நாள் மதியம் பட்டியலை அச்செடுக்கப் போனேன். பெருமாள் அண்ணனுக்கு வசதியாக இருக்கட்டுமே, ஓர் இடத்துக்குப் போவதெல்லாம் ஒன்றாக வரட்டுமே என்று "இடம்" என்ற பத்தியைத் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினேன். கணினி கேட்டது. அதே நேரம் முதல்வர் போனில், பொன்னாடை என்ன நிறம் என்று கேட்டார். முதல்வருக்கு "மெரூன்" என்றும் கணினிக்கு "இது மட்டும் போதும்" என்றும் பதில் சொன்னேன்.

எண்கள் ஒன்றிலிருந்து இருபத்து நான்குவரை அப்படியே நின்றன. அவற்றுக்கு எதிரே உணவகம், ஓய்வறை, மேசை, மேடை என்று இடங்கள் அகரவரிசையில் அணிவகுத்தன. பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு அழகு போதுமாக இருந்தது. ஸ்டிக்கர் அச்சாகிவிட்டது.

மூன்று மணிக்குப் பெருமாள் அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"மேடம், ஒரு டவுட்டுங்க. இந்த ஒண்ணாம் நம்பரு…"

"ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குண்ணா?"

"போட்டிருக்குதுங்க. ஆனா அது வந்து…"

"அப்ப அங்கதாண்ணா."

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு போனார். ஸ்டிக்கர் சொன்னபடி, ஒரு பெட்டி பிசகாமல், இருபத்து நான்கையும் கொண்டுபோய் வைத்தார். அந்த நிகழ்ச்சி முழுவதிலும் தவறே செய்யாத ஒரே ஆள் அவர்.

மறுநாள் பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உறுப்பினர்களில் ஒருவர் தாவரவியல் பேராசிரியை, சின்ன நோட்டும் பெரிய கண்ணாடியும். இன்னொருவர் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. (பின்னால் ஒரு முறை வாயைத் திறந்தார். அது பேசுவதற்காக அல்ல.)

மேடையில் வரவேற்பு. எங்கள் முதல்வர் யாருக்காவது பொன்னாடை போர்த்தும்போது தன் கையைப் பார்க்க மாட்டார், கேமராவைத்தான் பார்ப்பார். பெட்டிக்குள் கைவிட்டார், பட்டாக ஏதோ தட்டுப்பட்டது, எடுத்தார், விரித்தார், தலைவரின் தோளில் போட்டு, சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்தார். அது கோவிந்தன் சாரின் கல்யாண அங்கவஸ்திரம். தன் மைப்படிகளை அவர் அதில்தான் சுற்றி வைப்பார். விரித்த வேகத்தில் உள்ளேயிருந்த காகிதம் சரசரவென்று இறங்கித் தலைவரின் நெஞ்சின் மேல் படர்ந்தது. கன்னங்கரேல் என்று ஒரு வீரன், கையில் ஓங்கிய வாளோடு.

மூன்றாவது வரிசையிலிருந்து கோவிந்தன் சார் ஓடினார்.

"சார், அசையாதீங்க. அசைஞ்சா மடிப்பு வுழுந்துடும்."

தலைவர் அசையவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று கோவிந்தன் சாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலைவரின் வயிற்றுப் பக்கம் விரலை வைத்து, மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டையிட்ட வீரன் இவன் என்று அங்கேயே விளக்கத் தொடங்கிவிட்டார்.

"சண்டையில ஜெயிச்சாரா?" என்று கேட்டார் தலைவர், அசையாமல்.

"செத்துட்டாருங்க சார். செத்தாத்தான் கல்லு நடுவாங்க."

நான் பக்கவாட்டில் நின்று கணக்குப் போட்டேன். இருபத்து நான்கில் ஒரு பெட்டி இடம் மாறிவிட்டது. நான்கு சதவிகிதப் பிழை. ஏற்றுக்கொள்ளக்கூடியது. (அந்த வயதில் எனக்கு எதையும் சதவிகிதமாக மாற்றினால் வலி குறையும்.)

காகிதத்தை உரித்தெடுத்தபோது தலைவரின் சட்டையில் வாளும் பாதி மீசையும் தங்கிவிட்டன. ஃபேன் காற்று வராத மேடை, நல்ல வியர்வை, மை இறங்கிவிட்டது. கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவர் விருந்தினர் ஓய்வறைக்குப் போனார். அங்கே சோப்புக்கும் துண்டுக்கும் நான் தனிப் பெட்டி வைத்திருந்தேன் என்பதை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்துத் தலைவர் வெளியே வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சோப்பு தேடினேங்க" என்றார், யாரையும் குறிப்பிடாமல். "உண்ணி இருக்குது. சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா."

"என்னுதுங்க சார்" என்று கூடத்தின் மறுகோடியிலிருந்து குமரேசன் சாரின் குரல் வந்தது. கல்யாணத்தில் காணாமல்போன மகனைக் கண்டுபிடித்த தகப்பனின் குரல். அவர் மேசையில் பிரித்து வைத்திருந்த பெட்டியில் மெரூன் நிறப் பொன்னாடைகள் மூன்று மடித்தபடி இருந்தன. பாவம், அதற்கும் உண்ணிக்கும் ஏதோ தொடர்பு சொல்ல அதுவரை முயன்றுகொண்டிருந்திருக்கிறார்.

இதற்குள் கூடம் முழுவதும் பெட்டிகள் திறந்துவிட்டன. ஆங்கிலத் துறை மேசையில் சோப்பு, துண்டு, சீப்பு, பவுடர். கணக்கு சாரின் மேசையில் தமிழ் மேடத்தின் சண்டைப் பதிவுகள். அவர் அதைப் படித்து ரசித்துக்கொண்டிருந்தார். நான் சதவிகிதத்தைக் கைவிட்டேன்.

முதல் மேசை நூர்ஜகான் அக்காவுடையது. தாவரவியல் மேடம் அங்கே நின்று, நோட்டைப் பிரித்து, "உங்க ஆய்வு என்னங்க?" என்று கேட்டார். அக்கா பெட்டியைத் திறந்தார். பூண்டு, புளி, நல்லெண்ணெய், நேற்று கடையில் வாங்கிய இரண்டு கிலோ மொச்சை.

"இது இல்லைங்க மேடம்" என்றார் அக்கா.

பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சங்கீ, சமையல் சாமான் இங்க இருக்குதுன்னா, என் பொட்டி எங்க?"

அந்தக் கணத்தில்தான் கணினி என்னிடம் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. பதிலும் விழுந்தது. அகரவரிசையில் முதலில் வருவது உணவகம். ஒன்றாம் எண் பெட்டி அங்கே போயிருக்கும். முதல் ஆளாகக் கொடுத்த குற்றத்துக்குத் தண்டனை.

அதே நேரம் முதல்வர், சட்டையில் மையோடு நிற்கும் தலைவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல், "முதல்ல சாப்பிட்டுடலாங்க ஐயா. நம்ம ஊர்ச் சாப்பாடு. களி, மொச்சைக் குழம்பு" என்றார்.

மொச்சைக் குழம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா ஓடினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாந்தோப்பு வழியாக ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நாங்கள் சுற்றிக்கொண்டு பின்வாசலை அடைந்தபோது, நேர்வழியில் முன்வாசலுக்கு வந்த குழு உட்கார்ந்து, இலை போட்டு, சுடச்சுடக் களி விழுந்து, குழம்பும் ஊற்றியாகிவிட்டது. சுவர் முழுவதும் தொப்பூர் லாரிகளின் முதுகுகள் ஒட்டியிருந்தன. யாரோ உணவகத்தை அலங்கரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து உணவக லட்சுமி அக்கா ஒட்டிவிட்டார். ஆங்கில சார் அவற்றின் நடுவில் சந்தோஷமாக நின்றிருந்தார். பத்து வருட ஆராய்ச்சிக்கு முதல் கண்காட்சி.

"கொழம்புல லேசா வசம்பு வாசம் வருதே" என்று தாவரவியல் மேடம் சொல்வது கேட்டது. "இங்க யாருக்காவது குழந்தை பொறந்திருக்கா?"

நூர்ஜகான் அக்கா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"லட்சுமிக்கா, பாட்டிலுங்க எங்க?"

"கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன் மேடம். நல்ல பாட்டிலுங்க. அரக்கெல்லாம் வெச்சு அனுப்பியிருந்தாங்க, பெரிய எடத்து மொச்சை போலன்னு நெனச்சேன்."

ஐந்து பாட்டில்கள் திண்டின் மேல் தலைகீழாக நின்றன. இரண்டு வருடம். மழைக்காலம், வெயில்காலம், அக்காவின் மாமனார் இறந்த மாதம், மகள் பள்ளியில் சேர்ந்த மாதம், எல்லா மாதமும் அவற்றைக் கையில் எடுத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"அதெப்படி கொட்டுவேன்?" லட்சுமி அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அஞ்சு கலரு மூடி போட்டிருக்குது. அஞ்சும் வேற வேற ஊரு மொச்சையா இருக்கும். ஒண்ணா ஊறப் போட்டா ஒண்ணு வெந்து கொழையும், ஒண்ணு கல்லாட்டம் நிக்கும். நேத்தே தனித்தனியா மொறத்துல கொட்டிப் பொறுக்கி, தனித்தனியா ஊற வெச்சு, தனித்தனியா வேவ வெச்சு, கடைசியிலதான் ஒண்ணாச் சேத்தேன்."

நூர்ஜகான் அக்கா சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"செவப்பு மூடி?"

"அதக் கேக்காதீங்க. பூரா ஓட்டை, பூரா வண்டு. கடக்காரன் உங்கள நல்லா ஏமாத்திப்புட்டான். எங்கூட்டுக் கோழிக்கு ஆவும்னு பையில கட்டி வெச்சிருக்கேன்."

"பச்சை?"

"நாலஞ்சு சொத்தை இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"நீலம்?"

"ஒண்ணு கூட இல்ல மேடம். முத்தாட்டம் இருந்துச்சு. சட்டுனு வெந்துச்சு. வெள்ள மூடி மண்ணு கட்டுன மொச்சை, அதுலயும் வண்டு இல்ல, ஆனா வேவறதுக்குள்ள கேஸ் தீந்துடும் போல ஆயிடுச்சு. மஞ்ச மூடிதான் வசம்பு நாத்தம். ஏழு தண்ணி ஊத்தினேன். கொழந்த பொறந்த வூட்டு டப்பாவுல இருந்து வந்திருக்கும்னு நெனச்சேன்."

அக்காவின் கை தானாகக் கைப்பைக்குள் போய் நோட்டை எடுத்தது. சிவப்பு எதுவும் கலக்காதது, பச்சை நொச்சி, நீலம் வேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டே, "வெள்ளை எத்தனை விசிலுக்கா?" என்று கேட்டார்.

முதல்வர் சமையலறை வாசலுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

"உள்ள போனதுல விஷம் எதுவும் இல்லியே?"

"எல்லாம் வீட்டுல புழங்கற பொருள்தாங்க சார்" என்றார் அக்கா.

"அப்ப விட்டுடலாங்கம்மா. நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிடறாங்க. நாம எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

"விட்டுட்டா என் மேசையில காட்டறதுக்குப் பூண்டும் புளியும்தாங்க சார் இருக்குது."

போக வேண்டிய ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு (மானம் போகும்போதும் தோற்றம் முக்கியம்) உள்ளே போய், குழுவின் முன்னால் நின்றேன். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பேச்சுமுறை பட்டியல்.

"உங்ககிட்ட மூணு விஷயம் சொல்லணுங்க ஐயா. ஒண்ணு, இன்னைக்கு நடந்த எல்லாக் குழப்பத்துக்கும் நான்தான் காரணம், எக்செல்ல ஒரு பத்திய மட்டும் வரிசைப்படுத்திட்டேன். ரெண்டு, நீங்க சாப்பிடற மொச்சை ரெண்டு வருஷமா ஆராய்ச்சியில இருந்தது, பூச்சி வராம இருக்க ஒண்ணொண்ணுலயும் ஒரு பொருள் கலந்து வெச்சது."

அந்த இடத்தில்தான் பேசாத உறுப்பினர் வாயைத் திறந்து, உள்ளே இருந்ததை இலையில் திருப்பி வைத்தார்.

"மூணு, அதுல கெடுதலானது எதுவும் இல்ல."

மூன்றாவதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். வரிசைப்படுத்துவதில் ஒரே நாளில் இரண்டாவது தவறு.

தலைவர் தன் இலையைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த பாதி மீசையைப் பார்த்தார். தாவரவியல் மேடம் மட்டும், கையில் இருந்த உருண்டையை விழுங்கிவிட்டு, சமையலறை வாசலில் நோட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"எந்த மூடியில எது இருக்குன்னு சமைச்சவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்."

"அவங்க பொறுக்கி எண்ணறது உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க மேடம்."

மேடம் சிரிக்கத் தொடங்கினார். எண்ணுகிறவருக்கு எதில் எது இருக்கிறது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், அப்படி ஒரு சோதனையை நேர்மையாக ஏற்பாடு செய்யத் தாங்கள் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும் என்றார். "நீங்க அதைச் சமைச்சே முடிச்சிட்டீங்க."

கைகழுவிவிட்டு வந்து லட்சுமி அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார். அரை மணி நேரம் கேள்வி. எத்தனை சொத்தை, எவ்வளவு நேரம் ஊறியது, எத்தனை விசில். லட்சுமி அக்கா ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கோழிக்குக் கட்டிய பை வந்தது. சிவப்பு மூடி மொச்சையை முறத்தில் கொட்டி, தாவரவியல் மேடம், குமரேசன் சார், நூர்ஜகான் அக்கா மூவரும் தரையில் உட்கார்ந்து வண்டு எண்ணினார்கள். (குமரேசன் சாருக்குக் கால் ஆறோ எட்டோ இருந்தால் போதும், எந்தத் துறை என்று பார்க்க மாட்டார்.) சேலம் போக வேண்டாம், ரயில் பிடிக்க வேண்டாம், இங்கேயே இப்படி உட்கார்ந்து எண்ணலாம் என்ற எண்ணம் அக்காவின் முகத்தில் அப்போதே வந்துவிட்டது. அன்று அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு திரும்பியது.

தலைவர் எழுந்திருக்கும்போது லட்சுமி அக்காவிடம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

"எல்லாக் காலேஜ்லயும் ஆராய்ச்சியக் காட்டுவாங்க" என்றார். "பரிமாறினது நீங்கதான்."

சில வாரங்களில் கடிதம் வந்தது. மூன்று துறைகளுக்கு ஆய்வு மையம், முதல் பெயர் உணவு அறிவியல். கூடவே ஒரு குறிப்பு: "கல்லூரியின் ஆய்வுப் பரப்பு வியப்பூட்டுகிறது. பொருள்களை உரிய இடத்தில் வைப்பதில் கூடுதல் கவனம் தேவை." முதல்வர் அதில் முதல் வாக்கியத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டினார். லாரிப் படங்கள் இன்னும் உணவகச் சுவரில்தான் இருக்கின்றன. ஆங்கில சார் எடுக்கவிடவில்லை.

நூர்ஜகான் அக்கா போன மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மொச்சை வேகும் நேரத்துக்கென்று அதில் தனி இயல் உண்டு, அது முழுக்க லட்சுமி அக்கா தந்த தொடக்கம். நன்றியுரையில் லட்சுமி அக்காவின் பெயர் முதலில் இருக்கிறது. என் பெயரைத் தேடினேன். நன்றியுரையில் இல்லை. "ஆய்வின் குறைபாடுகள்" என்ற பகுதியில் இருக்கிறது.

இந்தக் கதை எனக்கு முன்பே அரூரில் என் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன வருடம் தீர்த்தமலையில் என் கல்யாணம். கல்யாண வேலைப் பட்டியலை அப்பா கையால் எழுதினார், என் லேப்டாப்பை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். மாலையும் கழுத்துமாக நான் நின்றிருந்தபோது பெருமாள் அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

"மேடம், ஒரு டவுட்டுங்க."

"கேளுங்கண்ணா" என்றேன். "முழுசாக் கேளுங்க."

"நூர்ஜகான் மேடம் குடுத்த கிஃப்டுங்க. மேடையில குடுக்கச் சொன்னாங்க. ஆனா ஸ்டிக்கர்ல உணவகம்னு போட்டிருக்குதுங்க. எங்க வெக்கட்டும்?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் கல்லூரிக் கூட்டம் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பெட்டிக்குள் ஐந்து பாட்டில் மொச்சை, ஐந்து நிற மூடிகள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னது நூர்ஜகான் அக்கா, கொஞ்சமும் குறைக்காமல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பரிமாறினாலும், சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாமியார் உட்பட, என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"பக்கத்துல இருக்கறதையும் சேத்துக்கவா, இது மட்டும் போதுமா?"

"சேத்துக்கோங்க" என்கிறேன்.